அரைவட்ட மர மேசை

அரைவட்ட மர மேசை என்பது, மேற்பலகையின் ஒரு பக்கம் நேர்கோடாகவும் மறுபக்கம் வட்டத்தின் பாதியாகவும் அமைந்த மேசை ஆகும். நேர்ப்பக்கம் சுவரை ஒட்டியும் வளைந்த பக்கம் அறையை நோக்கியும் இருக்கும். முன்புறம் மூலைகள் இல்லாததால் நடைவழி, வாசல் அறை போன்ற குறுகிய இடங்களுக்கு இது ஏற்றது. செவ்வக மேசை செய்யப் பழகியவர்களுக்கும் இதில் மூன்று புதிய சிக்கல்கள் உண்டு: நேரான பலகையிலிருந்து வளைந்த சட்டம் செய்வது, மேசை சாயாதபடி கால்களை நிறுத்துவது, பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் மேற்பலகையை வெடிக்காமல் பொருத்துவது. இம்மூன்றையும் சாதாரணக் கருவிகள் உள்ள வீட்டுப் பட்டறையிலேயே தீர்க்க முடியும்.

வரலாறு

இவ்வகை மேசை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பரவலாகியது. பிரெஞ்சு மொழியில் பாதி நிலா எனப் பொருள்படும் 'டெமி லூன்' என்ற பெயர் இதற்கு உண்டு. இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் இணையாக வைக்கவும், சேர்த்து வைத்து வட்ட மேசையாகப் பயன்படுத்தவும் இவை செய்யப்பட்டன. ஜார்ஜ் ஹெப்பிள்வைட்டின் மறைவுக்குப் பின் 1788-இல் லண்டனில் வெளிவந்த அவரது அறைகலன் வடிவமைப்பு நூல், இக்காலத்துப் பாணியைப் பரப்பிய நூல்களுள் ஒன்று.

அளவுகள்

கீழுள்ள விளக்கங்கள் 900 மி.மீ. நீளமும் 450 மி.மீ. ஆழமும் 750 மி.மீ. உயரமும் கொண்ட மேசைக்கானவை. மேற்பலகையின் ஆரம் 450 மி.மீ.; அதன் வளைந்த விளிம்பின் நீளம் சுமார் 1,414 மி.மீ. மேற்பலகையைத் தாங்கும் வளைந்த சட்டத்தின் வெளி ஆரம் 410 மி.மீ., தடிப்பு 20 மி.மீ., உயரம் 80 மி.மீ.

அரைவட்டம் வரைதல்

ஒரு மெல்லிய மரப்பட்டையின் ஒரு முனையில் ஆணியும், அதிலிருந்து 450 மி.மீ. தொலைவில் பென்சில் நுழையும் துளையும் அமைத்தால் பெரிய கவராயம் கிடைக்கும். வட்டத்தின் மையம் பலகையின் நேர் விளிம்பிலேயே விழுவதால், அங்கே ஆணி நிற்காது. எனவே ஒரு துண்டுப் பலகையை விளிம்போடு ஒட்டி வைத்து, இரண்டும் சேரும் கோட்டில் ஆணியைக் குத்த வேண்டும்.

வெட்டிய வடிவம் சரியான அரைவட்டமா என்பதை வடிவியல் மூலம் சோதிக்கலாம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் ஆகும். பெரிய அட்டை ஒன்றின் செங்கோண மூலையை வளைவின் எந்தப் புள்ளியில் வைத்தாலும், அதன் இரு விளிம்புகளும் நேர்ப்பக்கத்தின் இரு முனைகளைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்த இடத்தில் வளைவு பிசகியுள்ளது.

ஒரு முழு வட்டப் பலகையை நடுவில் அறுத்து இரண்டு மேசைகள் செய்வது எளிது போலத் தோன்றும். ஆனால் ரம்பத்தின் பல் தடிப்பு அளவுக்கு மரம் தூளாகிவிடும். 3 மி.மீ. தடிப்புள்ள ரம்பத்தால் அறுத்தால் ஒவ்வொரு பாதியும் 1.5 மி.மீ. குறையும், இரண்டையும் சேர்த்தால் முழு வட்டம் அமையாது. இணை மேசைகளாக வேண்டுமெனில் இரண்டையும் தனித்தனியாக வரைந்து வெட்டுவதே சரி.

வளைந்த சட்டம்

மரத்தின் வலிமை அதன் நார்களின் நீளவாக்கில் உள்ளது. அகலமான ஒரே பலகையிலிருந்து அரைவட்டச் சட்டத்தை அறுத்தெடுத்தால், சில இடங்களில் நார்கள் சட்டத்தைக் குறுக்காகக் கடக்கும். அந்த இடங்களில் சட்டம் எளிதில் முறியும். இதைத் தவிர்க்க இரண்டு முறைகள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது, 3 மி.மீ. தடிப்புள்ள மெல்லிய பட்டைகளைப் பசையிட்டு, அரைவட்ட அச்சின் மேல் வளைத்து இறுக்கி உலரவிடுவது. இதற்கு வலுவான அச்சும் நிறைய இறுக்கிகளும் தேவை. அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு சற்று விரிவதும் உண்டு.

இரண்டாவது, செங்கல் சுவர் கட்டுவது போலச் சிறு துண்டுகளை அடுக்குவது. 18-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் கையாண்ட இம்முறைக்குச் சிறப்புக் கருவிகள் தேவையில்லை என்பதால் வீட்டுப் பட்டறைக்கு ஏற்றது. அரைவட்டத்தை 36 பாகை கொண்ட ஐந்து துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் நீளம் சுமார் 254 மி.மீ. வளைவுக்கும் தடிப்புக்கும் சேர்த்து 40 மி.மீ. அகலம் தேவைப்படுவதால், 45 மி.மீ. அகலமுள்ள பலகைத் துண்டு போதும். ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி வெட்டிவைத்து, அதைக் கொண்டே எல்லாத் துண்டுகளையும் வரைந்தால் அளவு மாறாது.

20 மி.மீ. தடிப்புள்ள நான்கு அடுக்குகளைப் பசையிட்டு அடுக்கினால் 80 மி.மீ. உயரம் கிடைக்கும். ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்குத் துண்டின் நடுவில் வர வேண்டும். எனவே இரண்டாம், நான்காம் அடுக்குகளில் நான்கு முழுத் துண்டுகளும் முனைகளில் இரண்டு அரைத் துண்டுகளும் வரும். பசை காய்ந்த பின் வெளிப்பக்கத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் சமன்படுத்த வேண்டும். அடுக்குகளின் கோடுகள் வெளியே தெரிவதால், மேலே வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகட்டை ஒட்டுவர் அல்லது வண்ணம் பூசுவர்.

கால்களின் எண்ணிக்கை

பின்னால் இரண்டும் முன்னால் ஒன்றுமாக மூன்று கால்கள் வைத்தால், தரை சமமில்லாவிட்டாலும் மேசை ஆடாது. ஆனால் ஆடாமை வேறு, சாயாமை வேறு. கால்களின் அடிகளை இணைக்கும் கோட்டுக்கு வெளியே பாரம் விழுந்தால்தான் மேசை சாயும். கால்களின் மையங்கள் 400 மி.மீ. ஆரத்தில் இருப்பதாகக் கொண்டால், மூன்று கால் மேசையின் விளிம்பு இக்கோட்டுக்கு வெளியே 167 மி.மீ. வரை நீண்டிருக்கும். 60 பாகை இடைவெளியில் நான்கு கால்கள் வைத்தால் இது 104 மி.மீ. ஆகக் குறையும்.

இதன் விளைவு பெரிது. மேசையின் எடை 10 கிலோ எனில், மூன்று கால் மேசையின் விளிம்பில் சுமார் 9 கிலோ பாரம் விழுந்தாலே அது கவிழக்கூடும். நான்கு கால் மேசைக்குச் சுமார் 15 கிலோ தேவைப்படும். நடை பழகும் குழந்தை விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் முன்னது நிற்காது. பின்னதும் சற்றுப் பெரிய குழந்தையைத் தாங்காது. ஆகவே குழந்தைகள் உள்ள வீட்டில் நான்கு கால்கள் வைத்து, பின்சட்டத்தை இரும்பு மூலைத்தகட்டால் சுவரோடு இணைப்பது நல்லது.

முன்கால்களின் தலையைக் கவை போல வெட்டி, வளைந்த சட்டம் அதனுள் அமரும்படி ஒட்டுவர். பின்கால்களில் துளையிட்டு, வளைந்த சட்டத்தின் முனைகளையும் நேரான பின்சட்டத்தின் முனைகளையும் நாக்குப் போலச் செதுக்கிச் செருகுவர். சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் ஓடு பதித்திருந்தால், பின்கால்களை மேற்பலகையின் விளிம்பிலிருந்து அந்த ஓட்டின் தடிப்பளவு உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பலகைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விழும்.

மேற்பலகையைப் பொருத்துதல்

மேற்பலகைக்குப் பல பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ப்பர். நார்கள் நேர்ப்பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் விரியும். வறண்ட காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. குறைவாக அசையும் மரமான தேக்கிலும், மரத்தின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால் 450 மி.மீ. அகலம் சுமார் 3 மி.மீ. வரை மாறக்கூடும். பலகையைச் சட்டத்தோடு முழுவதும் பசையிட்டாலோ எல்லா இடங்களிலும் திருகாணியால் இறுக்கினாலோ, இந்த அசைவுக்கு இடமின்றிப் பலகை வெடிக்கும் அல்லது இணைப்பு பிரியும்.

இதற்குத் தீர்வு, பின்சட்டத்தில் மட்டும் பலகையைத் திருகாணியால் அசையாமல் இறுக்குவது. வளைந்த சட்டத்தின் உட்பக்கத்தில் சிறு கட்டைகளை ஒட்டி, அவற்றில் முன்பின்னாக நீண்ட துளைகள் போட்டு, வாஷருடன் திருகாணியைச் செலுத்த வேண்டும். அப்போது நேர்ப்பக்கம் சுவரை ஒட்டியே நிற்கும். விரிவும் சுருக்கமும் முன்பக்கம் மட்டுமே நிகழும்.

மெருகும் பாதுகாப்பும்

மெருகுப் பூச்சை மேற்பலகையின் மேல், கீழ் ஆகிய இரு பக்கங்களிலும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கங்களும் ஈரத்தை ஒரே வேகத்தில் ஏற்காமல் பலகை வளையும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே குப்பையில் இட வேண்டும். மரத்தூள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எனவே வீட்டுக்குள் தேய்க்கும்போது முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் தேவை.