உதவி கேட்பதற்கு விலையா?

செம்பாக்கத்தின் வானில் ஒருபுறம் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள்; மறுபுறம் மீனம்பாக்கம் செல்லும் பயணிகள் விமானங்கள். இத்தகைய நெரிசலைக் கடக்கும் சிறு விமானத்தின் தனியார் விமானிக்கு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் குரலே துணை.

வழிச்செலுத்தல் கட்டணம் விமான நிறுவனங்களுக்குப் பயணச்சீட்டில் கரைந்துவிடும். தனி விமானிக்கோ அது கைச்செலவு. அமெரிக்காவில் சிறு விமானங்கள் எரிபொருள் வரியாகவே பங்களிக்கின்றன. எத்தனை முறை வழி கேட்டாலும் செலவு கூடுவதில்லை. ஒவ்வொரு உதவிக்கும் கட்டணம் என்றால், மேகம் திரளும்போது கேட்க வேண்டியவர் ‘இன்னும் சற்றுப் பார்ப்போம்’ என்று தயங்கக்கூடும். அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை.

இந்தியாவில் பயிற்சிப் பள்ளி விமானங்களுக்குத் தரையிறங்கு கட்டண விலக்கு உண்டு, நல்ல ஏற்பாடு. தனியாரிடம் கட்டணம் பெற்றே ஆகவேண்டுமெனில், கனடாவில் சிறு விமானங்களுக்கு உள்ளதுபோல் ஆண்டுக் கட்டணமாகப் பெறலாம்.