போன் ஒட்டுக்கேட்பு: சட்டம் என்ன சொல்கிறது?



"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். மகளின் சம்பந்தப் பேச்சு, கடன், நோய் எல்லாம் போனில்தானே பேசுகிறோம்? இவை குற்றமல்ல; பிறர் கேட்க வேண்டியவையும் அல்ல.

குண்டுவெடிப்பு போன்ற ஆபத்தைத் தடுக்க அரசுக்கு இந்த அதிகாரம் தேவைதான். ஆனால் அதற்கு வரம்பு உண்டு. வழக்கமாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் காரணத்தை எழுதி உத்தரவிட வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளே இதற்கு அடிப்படை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தில்லாத ஒரு லஞ்ச வழக்கில் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

குறை ஒன்று உண்டு. உத்தரவிடுவதும் அதை மறுஆய்வு செய்வதும் அரசு அதிகாரிகளே. நீதிபதியின் முன்அனுமதி தேவையில்லை. நமக்குத் தகவலும் வராது.

ஆகவே, போன் பேச்சு வழக்கில் சாட்சியமாக வந்தால் பதறாதீர்கள். வக்கீல் மூலம் முதலில் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். தேதியையும் காரணத்தையும் பாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்