மவுண்ட் லாரலும் 36 வீடுகளும்

ஒரு சிறிய புறநகர் ஊரில் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு வீடு கிடைக்குமா என்பது கட்டுமானச் செலவால் மட்டும் தீர்மானமாவதில்லை. அதற்கு வெகு முன்பே, உள்ளாட்சி மன்றம் ஒப்புதல் தந்த நில வரைபடம் அதைத் தீர்மானித்துவிடுகிறது. எந்தப் பகுதியில் தொழிற்சாலை வரலாம், எங்கே வீடு கட்டலாம், மனை எத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது, ஒரு மனையில் எத்தனை குடும்பம் இருக்கலாம் என்றெல்லாம் அந்த வரைபடத்தின் விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் இந்த விதிகள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, வீட்டுவசதித் திட்டமிடலின் போக்கே மாறக் காரணமான ஊர் நியூ ஜெர்சி மாநிலத்தின் மவுண்ட் லாரல்.

பிலடெல்பியாவுக்குக் கிழக்கே, 22 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கும் ஊர் அது. 1950இல் அங்கே 2,817 பேர் இருந்தார்கள். வயலும் பழத்தோட்டமுமாக இருந்த இடம். நெடுஞ்சாலைகள் வந்ததும் நகரத்து நடுத்தர வர்க்கம் அந்தப் பக்கம் நகர்ந்தது. 1970இல் மக்கள்தொகை 11,221. அப்போதும் ஊரின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காலியாகவோ விவசாய நிலமாகவோதான் இருந்தது. எனவே, இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இடம் இருந்தது; விதி இடம் கொடுக்கவில்லை. குடியிருப்புக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் ஒரு மனைக்கு ஒரு தனி வீடு மட்டுமே கட்டலாம். அடுக்குமாடிக் குடியிருப்போ, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளோ, நகர்த்தக்கூடிய வீடுகளோ பொது விதிப்படி கூடாது. ஊரின் பாதி நிலத்தை உள்ளடக்கிய ஒரு பகுதியில் மனையின் குறைந்தபட்ச அளவு சுமார் அரை ஏக்கர். இன்னொரு பகுதியில் ஒரு தளம் கொண்ட வீடாக இருந்தாலும் 1,100 சதுர அடிக்குக் குறையக்கூடாது. தொழிற்சாலைகளுக்கென 4,121 ஏக்கர், அதாவது ஊரின் 29.2 சதவீதம், ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் உண்மையில் தொழிற்சாலைகள் வந்திருந்தது 100 ஏக்கருக்கு மேல் இல்லை. மீதி நிலம் வராத ஆலைகளுக்காகக் காத்துக் கிடந்தது; அதில் வீடு கட்ட அனுமதி கிடையாது.

ஓர் ஊர் ஏன் இப்படி விதி எழுதுகிறது? காரணம் வரியில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடச் செலவின் பெரும்பங்கைச் சொத்து வரிதான் தாங்குகிறது. பெரிய மனையில் பெரிய வீடு என்றால் வரி அதிகம். சிறிய வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் வரி குறைவு, பள்ளிச் செலவு அதிகம். தொழிற்சாலையோ வரி கட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது. இந்தக் கணக்கு மவுண்ட் லாரலில் ஒளிவுமறைவில்லாமல் எழுத்திலேயே இருந்தது. பெரிய அளவில் குடியிருப்பு கட்டச் சில நிறுவனங்களுக்குத் தனி ஒப்பந்தத்தின் பேரில் அடுக்குமாடிக்கு அனுமதி தந்தபோது, ஒரு படுக்கையறை வீடுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் குடியிருக்கக்கூடாது என்று ஒரு திட்டத்தில் நிபந்தனை போட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கட்டுநர் ஏற்க வேண்டும். குழந்தையை ஒரு செலவினமாக மட்டும் பார்த்த விதி அது. கணக்குப் புத்தகத்தில் அது சரியாக வரலாம். ஓர் ஊரின் சட்டமாக இருக்கத் தகுதியற்றது.

அந்த ஊரில் ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. வீடுகள் சிதைந்திருந்தன, கோழிக்கூண்டாக இருந்ததை மாற்றிக் குடியிருந்தவர்களும் உண்டு. பழுதான வீடுகளைக் குடியிருக்கத் தகுதியற்றவை என்று அறிவித்து மூடிய நிர்வாகம், மாற்று வீட்டுக்கு வழி செய்யவில்லை. வளர்ந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக வேண்டுமென்றால் சொந்த ஊரை விட்டே போகும் நிலை. அங்கே குழந்தைகள் பராமரிப்புப் பணியில் இருந்த எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து 36 அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு திட்டம் தீட்டினார்கள். 36தான். அதற்கு நில விதியை மாற்ற வேண்டும். ஊர் நிர்வாகம் மறுத்தது. 1970இல் அந்த மக்களின் தேவாலயத்துக்கே வந்த மேயர், இந்த ஊரில் வாழக் கட்டுப்படி ஆகாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற பொருளில் பேசினார்.

1971இல் வழக்கு தொடரப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் வட்டாரக் கிளைகளும் எத்தல் லாரன்ஸ் உள்ளிட்ட ஏழை மக்களும் வாதிகள். இலவச சட்ட உதவி வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், நீதிபதி ஃபிரெடரிக் ஹால் எழுதிய தீர்ப்பில், வளர்ந்துவரும் எந்த ஊரும் தன் வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் தனக்குரிய பங்கை ஏற்றே ஆக வேண்டும் என்றது. நிலத்தைப் பகுக்கும் அதிகாரம் ஊருக்கு மாநிலம் கொடுத்தது. மாநில அரசியல் சட்டப்படி அதைப் பொது நலனுக்காகத்தான் பயன்படுத்தலாம். பொது நலன் ஊர் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதில்லை. தீர்ப்பின் உயிர் இந்த மூன்று படிகளில் இருக்கிறது. மாநில அரசியல் சட்டத்தை ஊன்றி நின்றதால் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

ஆனால் தீர்ப்பு வேறு, வீடு வேறு. மவுண்ட் லாரல் தன் விதியைத் திருத்திய விதம் அதைக் காட்டியது. ஏழைகளுக்கென்று புதிதாக ஒதுக்கிய மூன்று துண்டு நிலங்கள் ஊரின் மொத்தப் பரப்பில் கால் சதவீதம்கூட இல்லை. அவையும் குடியிருப்பு எழும் வாய்ப்பு அரிதாக இருந்த இடங்கள். மற்ற ஊர்களும் இழுத்தடித்தன. பொறுமை இழந்த நீதிமன்றம் 1983இல், தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பில், பல்லுள்ள ஒரு வழியைக் கொடுத்தது. கடமையைச் செய்யாத ஊரின் மீது கட்டுநரே வழக்குப் போடலாம். தன் திட்டத்தில் கணிசமான பங்கை எளியவர்களுக்கான வீடாகக் கட்ட முன்வந்தால், வழக்கில் வென்று, ஊர் விதி அனுமதிப்பதைவிட அடர்த்தியாகக் கட்டும் உரிமையைப் பெறலாம். ஏழைக்கு வழக்கு நடத்தப் பணமில்லை; கட்டுநருக்கு உண்டு. இந்த ஏற்பாட்டின் வலிமை அதுதான். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: நான்கு வீட்டைச் சந்தை விலைக்கு விற்றால்தான் ஐந்தாவது வீட்டைக் குறைந்த விலைக்குத் தர முடியும் என்பது பொதுக் கணக்கு. அதனால் ஊர் வேகமாகப் பெருகும். வீடுகளை எந்த மூலையில் கட்டுவது என்பதை ஊர் முடிவு செய்வதற்குப் பதில் கட்டுநர் முடிவு செய்வார்.

ஊர்கள் கொதித்தன. 1985இல் சட்டமன்றம் நியாய வீட்டுவசதிச் சட்டம் இயற்றி, ஒவ்வோர் ஊரின் பங்கையும் கணக்கிட ஒரு மாநிலக் குழுவை அமைத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை, பணம் கொடுத்து, வேறொரு நகரத்தின் தலையில் கட்டிவிடலாம். வசதியான புறநகர் பணம் கொடுத்தது. ஏழை நகரம் வாங்கிக்கொண்டது. ஏழைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 2008இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. மாநிலக் குழு செயலிழந்து போனதால் 2015இல் பொறுப்பு மீண்டும் நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2024 மார்ச்சில் வந்த புதிய சட்டம் குழுவைக் கலைத்துவிட்டு, கணக்கிடும் முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

இப்போது ஒரு சிறிய ஊர் திட்டமிடுவது இப்படித்தான். வட்டாரத்தில் குடும்பங்கள் எவ்வளவு பெருகின என்று பார்த்து, அந்தப் பெருக்கத்தில் 40 சதவீதம் குறைந்த, மிதமான வருமானக் குடும்பங்களுக்கான தேவை என்று கொள்கிறார்கள். அதை ஊர்களுக்குப் பிரிக்கும்போது, ஊரில் வேலைவாய்ப்புக் கட்டடங்கள் எவ்வளவு வளர்ந்தன, மக்களின் வருமானம் என்ன, கட்டத்தக்க நிலம் எவ்வளவு மிச்சம் என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். 2025 முதல் 2035 வரையிலான சுற்றுக்கு மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 85,000 வீடுகள் புதிதாகத் தேவை என்று மதிப்பிடப்பட்டது. எண் கைக்கு வந்ததும், எந்த நிலத்தில், யார் கட்டி, எந்தப் பணத்தில் என்பதை ஊர் எழுதிக் காட்ட வேண்டும். புதிய வணிகக் கட்டடங்களின் மதிப்பில் 2.5 சதவீதம் கட்டணமாக வருவதும் இதற்கான நிதியில் சேரும்.

நுணுக்கமான நிபந்தனைகளே இங்கே பெரிய காரியம். வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பவர் மிதமான வருமானத்தார். 50க்குள் என்றால் குறைந்த வருமானத்தார். 30க்குள் என்றால் மிகக் குறைந்த வருமானத்தார். ஒவ்வொரு படிக்கும் வீடு ஒதுக்காவிட்டால் எல்லா வீடும் 80ஐத் தொட்டு நிற்பவர்களுக்கே போய்ச் சேரும். குறைந்தது ஐந்தில் ஒரு வீடு மூன்று படுக்கையறை கொண்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளைத் தவிர்க்கும் பழைய தந்திரம் புதிய வடிவில் திரும்பிவிடும். முதியோருக்கென்று மட்டும் கட்டி எண்ணிக்கையை நிரப்புவதற்கும் வரம்பு உண்டு.

எத்தல் லாரன்ஸ் 1994இல் காலமானார். அவர் கேட்ட வீடுகளில் ஒன்றுகூட அப்போது எழும்பவில்லை. 1997இல் மவுண்ட் லாரல் திட்டக் குழு ஒரு வாடகைக் குடியிருப்புக்கு அனுமதி தந்தபோது, குற்றம் பெருகும், வீட்டு விலை சரியும், வரி ஏறும் என்று ஊர் திரண்டு எதிர்த்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் 100 வீடுகளில் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. பிறகு 40 சேர்ந்தன. குடியிருப்புக்கு எத்தல் லாரன்ஸின் பெயரே வைக்கப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலர் டக்ளஸ் மாசியும் குழுவினரும் அதை ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டார்கள். அண்டை ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் குற்றமோ, வீட்டு விலையோ, வரியோ அந்தக் குடியிருப்பால் மோசமாகவில்லை. அருகில் வசித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படியொரு குடியிருப்பு பக்கத்தில் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. குடிவந்தவர்களையும், விண்ணப்பித்தும் வீடு கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, வந்தவர்களுக்கு வேலையும் வருமானமும் கூடியிருந்தன. பிள்ளைகள் படிப்புக்குச் செலவிட்ட நேரமும் அதிகம்.

இத்தகைய வீடுகளின் விலையையும் வாடகையையும் கட்டுக்குள் வைப்பது சொத்துப் பத்திரத்தில் எழுதப்படும் நிபந்தனை. பொதுவாகக் குறைந்தது 30 ஆண்டுகள் அது செல்லும். 1980களின் இறுதியிலும் 90களிலும் கட்டிய வீடுகளுக்கு அந்தக் கெடு இப்போது முடிந்துவருகிறது. நிபந்தனையை நீட்டிக்கப் பணம் செலவழிக்கும் ஊருக்கு அந்த வீடுகளும் புதிய சுற்றின் கணக்கில் வரவு வைக்கப்படும். நீட்டிக்காவிட்டால் வீடு சந்தை விலைக்குப் போய்விடும். அந்த ஊர் அடுத்த குடும்பத்துக்கு மறுபடியும் நிலம் தேட வேண்டியிருக்கும்.