படகு பையான கதை

பழைய புடவை ஒன்று நம் வீட்டில் எத்தனை அவதாரம் எடுக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் பெண்ணுக்குப் பாவாடை. பிறகு பேரக் குழந்தைக்குத் தூளி. அப்புறம் தலையணை உறை. கடைசியில் அடுப்பங்கரையில் கரித்துணி. இந்த வித்தையில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கிழிந்த படகை என்ன செய்வீர்கள்?

சிரிக்காதீர்கள். காற்றடைத்து மிதக்கவிடும் ரப்பர் படகைத்தான் சொல்கிறேன். கிழிந்த படகுகளை எடுத்துப் பை தைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்தப் படகுகள் வந்த கதை சிரிப்பதற்கில்லை.

கத்தி பட்ட படகு

கிரீஸ் தேசத்துக் கியோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் இடையே கடல் சுமார் 7 கிலோமீட்டர்தான். 2015-ஆம் ஆண்டில் சிரியா, ஆப்கானிஸ்தானம், ஈராக் ஆகிய நாடுகளின் சண்டைக்கு அஞ்சி, எட்டரை லட்சம் பேர் கடல் வழியாகக் கிரீஸுக்கு வந்து சேர்ந்தார்கள். கியோஸ், லெஸ்போஸ் போன்ற தீவுகளில்தான் பெரும்பாலோர் இறங்கினார்கள். கள்ளத்தனமாகப் படகு விட்டவர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர்கூட வாங்கிக்கொண்டு, ஒரே ரப்பர் படகில் நாற்பது ஐம்பது பேரை அடைத்தார்கள். கைக்குழந்தைக்காரிகளும் அதில் உண்டு. அந்த ஓராண்டில் அந்தக் கடல் சுமார் 800 உயிர்களை விழுங்கிவிட்டது.

கரை சேர்ந்தவர்களில் பலர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கத்தியை எடுத்துப் படகைக் கிழித்ததுதான்! படகு முழுசாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இப்படியாகக் கடற்கரையெங்கும் கிழிந்த படகுகள் மலை மலையாகக் குவிந்தன.

தோளில் ஏறிய துணி

கியோஸ் தீவில் தொண்டு செய்யப்போன ஜெர்மானியப் பெண்கள் இருவர் இந்தக் குப்பையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பெர்லின் நகரில் ‘மிமிக்ரி’ என்ற அமைப்பைத் தொடங்கி, படகுத் துணியைக் கழுவி, வெட்டி, பைகளாகத் தைக்க ஏற்பாடு செய்தார்கள். தைத்தவர்கள் யார்? தஞ்சம் தேடி ஜெர்மனிக்கு வந்தவர்களிலேயே தையல் தெரிந்தவர்கள். லெஸ்போஸ் தீவிலும் ஒரு தொண்டு நிலையத்தில், கரையில் எறியப்பட்ட மிதவைச் சட்டைகளைக் கொண்டு இதே போல் பைகள் தைத்தார்கள்.

“ஐயோ, இத்தனை பேர் நடுங்கிக்கொண்டு வந்த படகையா தோளில் மாட்டிக்கொள்வது?” என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால், நிவாரணச் சோற்றுக்கு வரிசையில் நின்ற கைக்கு, தையல் மிஷினும் கூலியும் கிடைத்தது சின்ன விஷயமா? தானமாக வாங்குவது வேறு, உழைத்துச் சம்பாதிப்பது வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் வீட்டில்

நம் பரணில் படகு இராது. ஆனால், காற்றுப்போன மெத்தையோ, குழந்தைகள் அளைந்து விளையாடிய காற்றுத் தொட்டியோ இருக்கலாம். மார்க்கெட்டுக்கு எடுத்துச் செல்ல நல்ல பை ஆகும். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய துளை மூடாது. துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டிக்கொண்டு தையுங்கள். தையல் நீளமாக விழட்டும். நெருக்கமாக விழுந்தால் தபால்தலை போல அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். மிஷினில் துணி ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேலே மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். ஓரம் மடிக்க வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடவே வேண்டாம். அந்தப் புகை விஷம்.

இன்னொன்று. ஒட்டுப் போட்டால் போதும் என்று நினைத்து, நைந்துபோன மிதவையைக் குழந்தை கையில் கொடுத்து மறுபடி தண்ணீரில் விட்டுவிடாதீர்கள். அதற்கு வயசாகிவிட்டது. இனி அது காய்கறியைச் சுமக்கட்டும், உயிரைச் சுமக்க வேண்டாம்.

அது சரி, உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது?