48 மைல் யாருக்கு வேண்டும்?

பாயும் காற்றும் – தொடர் 17

ரேடார் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான். 24 மைல், 36 மைல், 48 மைல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முப்பது அடிப் பாய்மரப் படகு வைத்திருப்பவர் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

காரணம், பூமியின் வளைவு. ரேடார் அலை தொடுவானத்தைத் தாண்டிச் சற்றே வளைந்து போகும், அவ்வளவுதான். மாலுமிகள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆன்டெனா தண்ணீருக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால், ரேடாரின் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். 5 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 5 மைல். எதிரே வரும் சரக்குக் கப்பலின் மேல்தளம் 25 மீட்டர் உயரம் என்றால் அதன் பங்கு 11 மைல். கூட்டினால் 16. அதற்கு அப்பால் உங்களுக்குத் தெரியக்கூடியவை மலையும் மழைமேகமும்தான்.

ஆக, படகுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆறு மைலுக்குள் இருப்பதை இந்த ரேடார் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும்?

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவின் மேற்கு முனையில் நிற்கும் நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகம் சுமார் 60 கடல் மைல். சிறு பாய்மரப் படகுகள் ஐந்து நாட் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் கடக்கும் பாதை இது. ஆங்கிலக் கால்வாயின் நடுவே டோவர் பக்கமிருந்து மேற்கேயும் அட்லாண்டிக்கிலிருந்து கிழக்கேயும் பெருங்கப்பல்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்த இரு வரிசைகளையும் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும்.

வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் கடல்நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் ஈரமான வெதுவெதுப்புக் காற்று அதன்மேல் படும்போது மூடுபனி இறங்கும். பார்வைத் தொலைவு அரை மைலாகக் குறைந்துவிட்டால், 18 நாட் வேகத்தில் வரும் கப்பல் கண்ணில் பட்டதிலிருந்து உங்களை எட்ட 100 விநாடிதான். அதே கப்பலை ஆறு மைலில் ரேடாரில் பிடித்தால் கையில் 20 நிமிடம் இருக்கிறது. ரேடார் வாங்குவது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

“போன வாரம் சொன்ன ஏ.ஐ.எஸ். போதாதா?” என்று கேட்கலாம். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயம். உங்களுடையதைப் போன்ற சிறு படகுகளுக்கும் சிறிய மீன்பிடிப் படகுகளுக்கும் அல்ல. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தானாகச் சொல்பவரை மட்டுமே ஏ.ஐ.எஸ். காட்டும். சொல்லாதவரையும் மிதவையையும் கரையையும் மழையையும் தேடிப் பார்ப்பது ரேடார்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, கதிரின் அகலம். இது ஆன்டெனாவின் குறுக்களவைப் பொறுத்தது. ஆன்டெனாவை மூடியிருக்கும் கூடுதான் டோம். 18 அங்குல டோமின் கதிர் ஏறக்குறைய 5 டிகிரி அகலம். 24 அங்குல டோமுக்கு 4 டிகிரி. ஒரு மைல் தொலைவில் 5 டிகிரி என்பது 160 மீட்டர். பட்டைத் தூரிகையால் பொடி எழுத்து எழுதுவது போலத்தான். அந்தத் தொலைவில் பக்கத்துப் பக்கத்தில் 100 மீட்டர் இடைவெளியில் போகும் இரண்டு படகுகள் திரையில் ஒரே புள்ளி. 150 மீட்டர் அகலத் துறைமுக வாயில், திறப்பே இல்லாத சுவராகத் தெரியும். நெருங்க நெருங்கத்தான் வாய் திறக்கும். எடையும் இடமும் ஒத்துவந்தால் பெரிய டோமே மேல். முப்பது அடிப் படகில் பெரும்பாலும் 18 அங்குலத்தோடு சமாதானமாகிவிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மின்சாரம். பழைய மேக்னட்ரான் வகையில் ‘2 கிலோவாட்’ என்று போட்டிருப்பது, ஒரு மைக்ரோ விநாடிகூட நீடிக்காத துடிப்பின் உச்சபலம். பேட்டரியிலிருந்து அது இழுப்பது ஏறக்குறைய 3 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம். பத்து மணி நேர இரவில் ரேடாரே 30-ஐத் தின்றுவிட்டால் விளக்குக்கும் தானியங்கிச் சுக்கானுக்கும் மிஞ்சுவது 20தான். இதனால்தான் பல படகுகளில் ரேடார் இருந்தும் அணைந்தே கிடக்கிறது.

இந்த நிலைமையை மாற்றியது திண்மநிலை ரேடார். நாவிகோ நிறுவனம் 2009-இல் பிராட்பேண்ட் ரேடாரைக் கொண்டுவந்தது. 2016-இல் ரேமரைன் நிறுவனத்தின் குவாண்டம் வந்தது. குவாண்டம் வகை டோம் 20 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எடை ஆறு கிலோவுக்குள். மேக்னட்ரான் சூடேற ஒன்றரை, இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். இதற்குச் சில விநாடி போதும். படகின் பக்கத்திலேயே இருக்கும் மிதவையையும் காட்டும். குறையும் உண்டு. சில மிதவைகளிலும் கலங்கரை விளக்கங்களிலும் உள்ள ரேகான் கருவி, வலுவான ரேடார் துடிப்பு பட்டால்தான் பதில் கொடுக்கும். உயிர்காப்புப் படகில் இருக்கும் சார்ட் கருவியும் அப்படியே. குறைந்த பலத்தில் இயங்கும் புதிய ரேடார்கள் அவற்றை எழுப்பாமல் போகலாம். சிறு படகுக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய குறை. ஒதுக்கித் தள்ள வேண்டிய காரணம் அல்ல.

மூன்றாவது, மாட்டும் இடம். பாய்மரத்தில் உயரே வைத்தால்தான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். 5 மீட்டரில் வைத்தால் அந்தச் சரக்குக் கப்பல் 16 மைலில் தெரியும். படகின் பின்பக்கம் ஒரு கம்பம் நட்டு 3 மீட்டரில் வைத்தால் 15 மைலில் தெரியும். இழப்பு ஒரே மைல். அதற்கு ஈடாக, உச்சியில் கூடும் எடை இல்லை, பாயைத் திருப்பும்போது டோமில் உரசல் இல்லை, பழுது பார்க்க மரம் ஏற வேண்டியதில்லை. டோம் ஆட்களின் தலைக்கு மேலே இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைவிடப் பெரிய சிக்கல், சாய்வு. கதிரின் செங்குத்து அகலம் 20 முதல் 25 டிகிரி, அதாவது மேலே பாதி, கீழே பாதி. படகு 20 டிகிரி சாய்ந்து ஓடும்போது காற்று வரும் பக்கத்தில் கதிர் வானத்தைத் துழாவும். மறுபக்கம் தண்ணீரில் முட்டும். முன்னும் பின்னும் மட்டுமே ஒழுங்காகத் தெரியும். கால்வாயைக் குறுக்கே கடக்கும்போது கப்பல்கள் வருவதோ இரு பக்கவாட்டிலிருந்தும்! சாய்வுக்கு ஏற்ப டோமை மட்டமாக வைக்கும் தாங்கி கிடைக்கிறது. அது இல்லையென்றால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாயைத் தளர்த்திப் படகை நிமிர்த்தி, நாலைந்து சுற்று பார்த்துவிட்டு மறுபடி ஓட வேண்டும்.

இவற்றோடு பலர் விட்டுவிடும் ஒரு செலவு, மின்னணுத் திசைகாட்டி. பத்து மணிக்கு வலப்பக்கம் 5.4 மைலில் ஒரு புள்ளி தெரிகிறது. திரையில் அதன்மேல் திசைக்கோட்டை வைக்கிறீர்கள். 10.06-க்கு அது 3.9 மைலில், அதே கோட்டின் மேலேயே நிற்கிறது. ஆறு நிமிடத்தில் ஒன்றரை மைல், அதாவது 15 நாட். இன்னும் கால் மணி நேரத்தில் மோதல். இந்தக் கணக்கு நிற்பது திசை மாறவில்லை என்ற ஒன்றின் மேல்தான். அலையில் அணியம் இப்படியும் அப்படியும் பத்து டிகிரி ஆடும் சிறு படகில், திசைகாட்டி இணைக்காத ரேடார் படம் முழுவதும் கூடவே ஆடும். கோடு பொய் சொல்லும்.

கடல் விதிகளில் 7-ஆவது விதி, ரேடார் பொருத்தியிருந்தால் அதை முறையாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. அரைகுறைத் தகவலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்றும் சொல்கிறது. 19-ஆவது விதிப்படி, பார்வை மறைந்த நேரத்தில் பாய்மரப் படகுக்கு வழக்கமான முன்னுரிமை கிடையாது. 1956 ஜூலை 25 இரவு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஆந்திரியா தோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரு கப்பல்கள் மோதி 51 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டிலும் மற்றதைப் புள்ளியாகப் பார்த்திருந்தார்கள். ஆந்திரியா தோரியாவில் அந்தப் புள்ளியின் நகர்வைத் தாளில் குறித்துப் பார்க்கவில்லை.

அதனால் என் யோசனை இதுதான். 18 அங்குலத் திண்மநிலை டோம், பின்பக்கக் கம்பம், திசைகாட்டி இணைப்பு. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு பேட்டரி. பிறகு வெயிலடிக்கும் பகலில் ரேடாரை ஓடவிட்டு, திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிட்டுப் பழகுங்கள். மூடுபனியில் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

நீங்கள் கப்பலைப் பார்ப்பது இருக்கட்டும், கப்பலின் ரேடார் உங்களைப் பார்க்கிறதா? 2006 ஆகஸ்டில் வைட் தீவுக்குத் தெற்கே ஊஸோ என்ற 25 அடிப் படகோடு மூன்று பேர் மாண்டதற்குப் பிறகு, பிரிட்டனில் இந்தக் கேள்வியை ஆராய ரேடார் பிரதிபலிப்பான்களைச் சோதனைக்கூடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)