பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கிறதா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பலரும் சாதாரணமாகச் சொல்வது இது: "பிரேக் அடிச்சா லேசா ரைட்ல இழுக்கும், ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்." இப்படிப் பழகிக்கொள்வதுதான் ஆபத்து. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இருவழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலமோ சுமார் 3.5 மீட்டர்தான். வலப்பக்கம் இழுத்தால் வண்டி போய் நிற்கும் இடம் எதிரே வரும் லாரியின் தடம். மெதுவாக மிதிக்கும்போது கை சமாளித்துவிடும். மாடு குறுக்கே வந்து முழுப் பலத்தோடு மிதிக்கும்போது சமாளிக்காது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிரேக் தொடாமலே வண்டி ஒதுங்கினால் டயர் காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான். அதுவும் பல நேரம் இழுக்கும் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில். வலப்பக்கம் இழுக்கிறது என்றால் வலது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

முன் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள அம்பாசடரில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வீல் சிலிண்டர்கள். சுழலும் டிரம்மே இரண்டு ஷூக்களையும் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால் இரு பக்க லைனிங்குக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடுகூடப் பெரிதாகிவிடும். ஒரு சிலிண்டர் துருப்பிடித்து ஜாம் ஆனால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஏறக்குறைய பாதியாகும். ஆனாலும் பெடல் வழக்கம்போலவே இருக்கும், காலுக்குத் தெரியாது.

டிரம்மைக் கழற்றியதும் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. பிரேக் ஆயில் ஊறிய லைனிங் ஒரு நாள் வழுக்கும், மறுநாள் வெடுக்கென்று பிடிக்கும். அதைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பெடலை விட்ட பிறகும் வண்டி ஒரு பக்கமே இழுத்தால் அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே புதிதுபோல் இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். போன ஆயில் திரும்பி வராது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பிரேக்கை மிதித்து விடுங்கள். இறுகி நிற்கும் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் சுற்றினால் பெரும்பாலும் ஹோஸில்தான் அடைப்பு. அப்போதும் சுற்றாவிட்டால் சிலிண்டர் அல்லது ஷூ சிக்கியிருக்கிறது.

பட்டறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு, நன்றாகப் பிடிக்கும் பக்கத்தின் ஷூவைத் தளர்த்தி "சமப்படுத்துவது". இழுப்பு குறையும், கூடவே இருந்த பிரேக்கும் குறையும். ரப்பர் உதிரிகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவது அடுத்த தவறு. ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரமேறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். சிலிண்டரைத் துருப்பிடிக்கவைப்பதும் இதே ஈரம்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஆளில்லாத சமதளத்தில் முதலில் 20, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் சோதியுங்கள். நேராக நிற்காத வண்டி சாலைக்கு வரக்கூடாது.