ஏரியா பசங்களுக்கு ஒரு விருது: ஷீல்டு வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார் காசிமா. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அடுத்த ஆண்டே மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் இன்னொரு வடசென்னைப் பெண், கீர்த்தனா, தங்கத்தோடு திரும்பினார்.

ஜெயித்து வந்த பிறகு மாலைக்கும் மேடைக்கும் குறைவில்லை. ஜெயிப்பதற்கு முன்னால் யார் கவனித்தார்கள் என்பதுதான் கேள்வி. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தப் பட்டையில், உலகக் கோப்பைக்குப் போகாத, ஆனால் கவனிக்கப்பட வேண்டிய இளைஞர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்காக ஏரியாவே ஒரு விருது தொடங்கினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு.

ஏற்கெனவே விருதுகள் இருக்கே?

இருக்கின்றன. முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 2015 முதல் சுதந்திர தினத்தன்று வழங்கப்படுகிறது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். சமூக சேவை செய்த 3 ஆண்கள், 3 பெண்களுக்கு ரொக்கம், பதக்கம், பாராட்டுப் பத்திரம். மத்திய அரசின் பிரதமர் தேசிய பால புரஸ்கார் 5 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு. ஜேசிஐ அமைப்பு 18 முதல் 40 வயது வரையிலான பத்து சிறந்த இளைஞர்களைத் தேர்வு செய்து கௌரவிக்கிறது. அமெரிக்காவில் 1930களில் பிறந்த யோசனை அது.

கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் 7.2 கோடி பேர். மாநில இளைஞர் விருது ஆண்டுக்கு 6 பேருக்கு. குறை விருதில் இல்லை. அது பார்க்கும் தூரம் அப்படி. சென்னையின் 1-வது வார்டில் என்ன நடக்கிறது என்று கோட்டையிலிருந்து தெரியாது. தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தியாவின் புகழ்பெற்ற சிறுவர் வீரதீர விருதும் அப்படித்தான் பிறந்தது. 1957 அக்டோபர் 2. டெல்லி ராம்லீலா மைதான நிகழ்ச்சியில் நேரு உட்கார்ந்திருந்தபோது பந்தலில் தீப்பிடித்தது. ஹரிஷ் சந்திரா என்ற 14 வயது சாரணர் கம்பத்தில் ஏறி, எரியும் துணியைக் கத்தியால் அறுத்துத் தள்ளினார். அந்தச் சிறுவனின் துணிச்சலே விருதுக்குக் காரணமானது. இந்தியக் குழந்தைகள் நல கவுன்சில் அதன்பின் ஆண்டுதோறும் வழங்கியது. யாரோ நேரில் பார்த்தார்கள், அதனால் விருது வந்தது. ஏரியா விருதின் பலமும் அதுவே: நேரில் பார்க்கும் கண்.

1. யாருக்குக் கொடுப்பது?

பிளஸ் டூவில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு என்றால் வேலை சுலபம். ஆனால் அவருக்குப் பள்ளியே பாராட்டு விழா நடத்திவிடும். மற்றவர்கள் கண்ணில் படாதவரைத் தேடுவதுதான் இந்த விருதின் வேலை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இரவில் பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு எந்தத் தேர்வும் மதிப்பெண் போடாது. மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுப்பவர், குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே படிப்பை விடாதவர், குத்துச்சண்டை வளையத்தில் முதல் முறை ஏறும் பெண், கானா எழுதும் பையன் எல்லோரும் பட்டியலில் வர வேண்டும்.

பிரிவுகள் மூன்று, நான்கு போதும். அதிகமானால் எல்லோருக்கும் ஒன்று என்றாகி, விருது மதிப்பிழக்கும்.

2. யார் பரிந்துரைப்பது?

“தகுதியானவர்கள் விண்ணப்பிக்கலாம்” என்று மட்டும் போட்டால், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்தான் வருவார். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுத மாட்டார். கூச்சமும் ஒரு காரணம்.

பத்ம விருதுகளுக்கே யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். ஏரியா விருது இன்னும் எளிதாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும். டீக்கடைக்காரர், அங்கன்வாடி ஆசிரியை, கேரம் கிளப் அண்ணன், மீன் விற்கும் அக்கா என்று யாரும் அனுப்பலாம். வந்த பெயர்களை இரண்டு பேர் நேரில் போய் விசாரித்து உறுதி செய்ய வேண்டும்.

3. யார் தேர்வு செய்வது?

ஏரியா விருதுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பணம் கொடுத்தவரின் மருமகன், தலைவரின் தெருக்காரர் என்று ஒரே ஒரு முறை நடந்தால் போதும். அடுத்த வருஷம் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்து பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவராவது ஏரியாவுக்கு வெளியே உள்ளவர். இரண்டாம் ஆண்டிலிருந்து முந்தைய ஆண்டு விருது பெற்றவருக்கும் ஓர் இடம். சொந்தக்காரர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும் என்ற விதியை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கவுன்சிலரும் எம்எல்ஏவும் விழாவுக்கு வரட்டும், வாழ்த்தட்டும். தேர்வு அறைக்குள் வேண்டாம்.

4. பணம் எங்கிருந்து?

சுற்றிலும் இத்தனை ஆலைகள் இருக்கும்போது சிஎஸ்ஆர் நிதி கேட்கலாமே என்று தோன்றும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆனால் மாரத்தான், விருது போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேராது என்று மத்திய அரசு 2014 சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியது. விளம்பர நோக்கிலான ஸ்பான்சர்ஷிப்பும் சேராது. கல்வி, விளையாட்டுப் பயிற்சி போன்ற தொடர் திட்டங்கள் சேரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றும் கடலும் கெடுவதை எதிர்த்துக் குரல் கொடுத்த இளைஞர் பட்டியலில் வந்தால், ஆலையின் பணத்தில் அவருக்கு விருது கொடுக்க முடியுமா? கொடுக்கத் தயங்கினால், விருது யாருடையது? அதனால் முதல் சில ஆண்டுகள் சிறிய நன்கொடைகளே நல்லது. வேலைக்குப் போகும் நூறு பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1.2 லட்சம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, வரவு செலவை விழா நாளில் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.

5. மேடைக்குப் பிறகு?

ஷீல்டு அலமாரிக்குப் போய்விடும். போட்டிக்கான நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், கல்லூரியின் முதல் செமஸ்டர் ஃபீஸ், கப்பல் வேலைக்கான பயிற்சிச் செலவு — விருது பெறுகிறவருக்கு எது தேவை என்று அவரிடமே கேட்டுக் கொடுக்கலாம். ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஏரியாக்காரர் ஒருவர் ஓராண்டு வழிகாட்டியாக இருந்தால், அது ரொக்கத்தை விடப் பெரிய பரிசு.

ஒன்று மட்டும் கூடவே கூடாது: வறுமையை மேடையில் விற்பது. குடிசையைப் படமெடுத்து, அம்மாவை அழவைத்து ரீல்ஸ் போட்டால், அடுத்த ஆண்டு தன்மானம் உள்ள எவரும் வர மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால், படமும் பெயரும் போடப் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும்.

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்தில் நாயகன் அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரன். ஆனால் படம் பார்த்த வெளியூர்க்காரருக்கு நினைவில் நின்றது கத்திதான். வேலைக்கான நேர்காணலில் முகவரியைச் சொல்லும்போது குரல் இறங்காமல் இருக்க, இந்த ஊருக்கு வேறு பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களை ஊரே தேடி எடுத்து, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதல் ஆண்டு ஒரே ஒரு வார்டு, மூன்று பேர் போதும். விழா முடியும் முன்பே அடுத்த ஆண்டின் தேதியை அறிவித்துவிடுங்கள். இரண்டாவது முறை நடக்கும்போதுதான் அது விருது. அதுவரை ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான்.